படைச் சட்டமும் தன்பால் ஈர்ப்பினரும்

முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பரங்கிமலை, தோமா அப்போஸ்தலரைப் பற்றிய மரபினால் நமக்குத் தெரிந்த இடம். 1963-ஆம் ஆண்டு முதல் அங்கே தரைப்படை அதிகாரிகள் பயிற்சி பெற்று வருகின்றனர். அவ்வாறு பயிற்சி முடித்து அணிவகுத்து வரும் இளைஞருள் ஒருவர் தன்பால் ஈர்ப்புடையவராயின், சட்டத்தின் முன் அவர் நிலை யாது?

வயதுவந்தோர் இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தினது 377-ஆம் பிரிவு அந்த அளவில் வலிமை இழந்தது. 1950-ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டமோ அப்படியே நின்றது. அதன் 46-ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறான இழிநடத்தைக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது. தாம்பரம் தளத்தில் பணிபுரிவோருக்குரிய விமானப்படைச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு இடமளிக்கும் அரசியலமைப்பின் 33-ஆம் உறுப்பே இவற்றுக்கு அரண். 'இயற்கைக்கு மாறான' என்னும் சொல்லைக் காணும் இறையியல் மாணவர் ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தை நினைப்பர். ஆனால் நம் சட்டநூலில் அக்கருத்தை எழுதிவைத்தவர் ஆங்கில ஆட்சியினரே. அவர்களது நாடு தன் படைகளில் இத்தடையை 2000 சனவரியில் நீக்கிவிட்டது.

2019 சனவரியில் தரைப்படைத் தளபதி பிபின் ராவத், இதனைப் படைக்குள் அனுமதியோம் என்று செய்தியாளரிடம் கூறினார். படை பழமை பேணும் அமைப்பு என்பது அவர் காட்டிய காரணம். ஒழுங்கு குலைந்தால் போர்க்களத்தில் உயிர்கள் போகும். பாசறையில் வாழ்ந்தறியாத நாம் அவ்வச்சத்தை எளிதாகத் தள்ளிவிடலாகாது.

எனினும் இதைப் போன்றதொரு வாதம் பெண்களுக்கெதிராகவும் எழுந்ததுண்டு. மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில், சிங்கத்தின்மேல் வில்லேந்திப் பொருபவளாகத் தேவியைப் பல்லவர் செதுக்கினர். அதே கரையோர நாட்டில், பரங்கிமலைப் பயிற்சிக்கூடம் பெண்களை ஏற்றது 1992-இல்தான்! அவர்களுக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்ட வழக்கில், சிற்றூர்களிலிருந்து வரும் வீரர்கள் பெண்ணின் தலைமையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்று அரசு வாதிட்டது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்சநீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. வீரர்களின் மனச்சாய்வு ஒரு பெண்ணின் தகுதிக்கு அளவுகோலாகாதெனில், தன்பால் ஈர்ப்புடைய ஒருவரின் தகுதிக்கு மட்டும் எங்ஙனம் ஆகும்? இவ்வினாவுக்கு நேரான விடையை நாம் இதுவரை கண்டிலோம்.

2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 377-ஆம் பிரிவே இல்லை; படைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவோ நிற்கிறது. அதற்கு ஈராண்டு முன்னர், தன்பால் ஈர்ப்புடைய மேஜர் ஒருவரின் வாழ்வைத் தழுவிய திரைக்கதைக்குப் பாதுகாப்பு அமைச்சகம் இசைவு தர மறுத்தது. அந்த மேஜர் தம்மை உலகறிய வெளிப்படுத்தியது, படையை விட்டு விலகிய பின்னரே.