உரத்த குரலுக்கு எத்தனை வயது?

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையின் கரையிலும், கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களிலும் உழைக்கும் பெண்களுக்கு மெல்லிய குரல் கட்டுபடியாகாது. நடவில் முதலடி எடுப்பவளின் பாட்டு, வயலின் மறுகோடியில் குனிந்திருப்பவளுக்குக் கேட்க வேண்டும். சாவு வீட்டு ஒப்பாரி தெருமுனையைத் தாண்ட வேண்டும்.

அந்தக் குரலைத் திரையிசைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் தேனி குஞ்சரம்மாள். 1994இல் வந்த ‘கருத்தம்மா’வின் தாலாட்டில் ஒலிப்பது அவர் குரல். பெண்சிசுக்கொலையைப் பேசிய படம் அது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனிக்கும் நீட்டிக்கப்பட்டது என்பதை நினைத்தால், அந்தத் தாலாட்டு யாருக்காக என்பது விளங்கும். அதே ஆண்டில் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ பாடலில், சுரேஷ் பீட்டர்ஸ், சாகுல் ஹமீது ஆகியோரோடு அவரும் பாடினார். 1995இல் ‘முத்து’. 1998இல் அந்தப் படம் ஜப்பானில் வெற்றிகரமாக ஓடியபோது, தேனிக் குரலை டோக்கியோவும் கேட்டது.

ஆனால் தமிழ்த் திரையில் இத்தகைய குரல் எந்தப் பெண்ணுக்குத் தரப்பட்டது? கே. பி. சுந்தராம்பாளின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது. ஒலிபெருக்கி பரவலாகாத காலத்து நாடக மேடையில், கடைசி வரிசைவரை எட்டும் குரல்தான் அவருக்குப் புகழ் தந்தது. கணவர் கிட்டப்பா 1933இல் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அதன்பின் வெள்ளைச் சேலை. 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடம். 1953இல் ஔவையார். 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் துறவி கவுந்தியடிகள். பெருங்குரல் கொண்ட பெண் ஆணாகலாம், கிழவியாகலாம், துறவியாகலாம். காதலியாக மட்டும் முடியவில்லை. பின்னணிப் பாடல் முறை நிலைபெற்றபின், ஒலிவாங்கிக்கு அருகில் நின்று பாடும் குழைவே நாயகியின் குரலானது.

குஞ்சரம்மாளும் இதே வரிசையில்தான் நிறுத்தப்பட்டார். அவர் குரல் தாலாட்டுக்கும், கூட்டுப் பாட்டுக்கும், கேலிக்கும் தேவைப்பட்டது. ஜப்பானில் அனிமே பாடல்களால் அறியப்பட்ட ராக் பாடகி லிசா, தொண்டை அதிரப் பாடியே 2020இல் அந்நாட்டின் இசைத்தட்டு விருதுகளில் முதல் பரிசைப் பெற்றார். அங்கே உரத்த குரல் இளம்பெண்ணின் துணிவாகக் கேட்கிறது. இங்கே அதே உரப்புக்கு நரைத்த தலை வேண்டியிருக்கிறது.

இது ரசனை சார்ந்த சிக்கல் மட்டுமல்ல. “பொம்பளப் பிள்ளைக்கு என்ன இவ்வளவு சத்தம்?” என்று வீட்டில் அதட்டும் வாயும், நாயகிக்குக் குரல் தேடும் காதும் ஒரே சமூகத்தினுடையவை. வயலில் கூலிக்குத் தேவைப்பட்ட சத்தம், வீட்டுக்குள் வந்ததும் அடக்கமின்மை ஆகிவிடுகிறது.

நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுக்கச் செல்லும் மாணவிகள் ஒன்று செய்யலாம். பாட்டோடு, பாடியவரின் பெயரையும் அவர் சம்மதத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். எந்த வயதில் பாடத் தொடங்கினார், யார் நிறுத்தச் சொன்னார்கள் என்றும் கேளுங்கள். ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற பொதுப்பெயருக்குள் புதைந்திருக்கும் பெண்களின் வரலாறு அந்தப் பதில்களில்தான் இருக்கிறது.