வீட்டு இணையத்துக்கு எந்த ரவுட்டர்?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வீடுகளுக்கு இணையம் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகின்றது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு, கண்ணாடி இழை இணைப்பு, சிம் அட்டை மூலமான 4ஜி இணைப்பு என்பனவே அவை. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் இலங்கையில் ஆரம்பிக்கப்பட்டதெனினும் அதன் கட்டணம் சாதாரண குடும்பங்களின் கைக்கு எட்டுவதாக இல்லை. ரவுட்டர் வாங்கச் செல்பவர், இவற்றுள் எது தமது வீட்டுக்கு வருகின்றது என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். செப்புக் கம்பிக்கென ஆக்கப்பட்ட ஏடிஎஸ்எல் ரவுட்டர் கண்ணாடி இழைக்குப் பொருந்தாது. கண்ணாடி இழை இணைப்புக்குரிய கருவியைச் சேவை நிறுவனமே வழங்கிவிடும். நாம் வாங்குவது அதனுடன் கம்பியால் இணைக்கும் இரண்டாவது கருவியே. அது பல வீடுகளுக்குத் தேவைப்படுவதுமில்லை.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடியாகட்டும், ஆரையம்பதி, களுவாஞ்சிகுடியாகட்டும், மத்திய கிழக்கில் தொழில் புரிவோர் இல்லாத தெரு அரிது. விடுமுறையில் வருவோர் அங்கு பாவித்த 4ஜி, 5ஜி ரவுட்டர்களை வீட்டுக்குக் கொண்டுவருவதுண்டு. அக்கருவி அங்குள்ள நிறுவனமொன்றின் சிம் அட்டைக்கு மாத்திரம் பூட்டப்பட்டிருந்தால் இங்கு அது வெறும் பெட்டியே. பூட்டு இல்லாவிடினும், நமது நாட்டு நிறுவனங்களின் அலைவரிசைகளை அது ஏற்குமா என்பதைப் பார்க்க வேண்டும். சிம் அட்டையைப் பெறும்போது, அந்தப் பொதி வேறு ரவுட்டரில் இயங்குமா என்றும் கேட்டறிந்து கொள்வது நன்று.

கடைகளில் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் இலக்கங்களே மக்களை அதிகம் மயக்குகின்றன. 'ஏசி 1200' என்பதைக் கண்டவுடன் செக்கனுக்கு 1200 மெகாபிட் வேகம் கிடைக்கும் என எண்ணிவிடக் கூடாது. 2.4 கிகாஹேர்ட்ஸில் 300, 5 கிகாஹேர்ட்ஸில் 867 என்ற இரு உச்ச அளவுகளைக் கூட்டி முழு எண்ணாக்கியதே அது. ஒரு கைத்தொலைபேசி ஒரே நேரத்தில் இவற்றில் ஒன்றையே பாவிக்கும். மேலும் இவ்வகை ரவுட்டர்கள் சிலவற்றில் கம்பித் துளையின் வேகம் 100 மெகாபிட்டுடன் நின்றுவிடுகின்றது. வீட்டு இணைப்பு அதற்கு மேற்பட்டதாயின் 'கிகாபிட்' துளை உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். இணைப்பே 20 மெகாபிட் எனில், விலையுயர்ந்த ரவுட்டர் அதனை 21 ஆக்கப் போவதில்லை.

காத்தான்குடி போன்று மதிலோடு மதில் ஒட்டி வீடுகள் நெருங்கிய ஊர்களில் பிரச்சினை வேறு. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றையொன்று குழப்பாத தடங்கள் 1, 6, 11 என மூன்று மாத்திரமே உள்ளன. அயல்வீட்டு ரவுட்டர்கள் பத்தும் இம்மூன்றுக்குள்ளேயே முட்டிக்கொள்கின்றன. இங்கு 5 கிகாஹேர்ட்ஸும் உள்ள இரட்டை அலைவரிசை ரவுட்டரே ஏற்றது. எனினும் அந்த அலை சுவர்களை ஊடுருவுவதில் பலவீனமானது. கொங்கிரீட் தட்டுக்கு மேல் மாடி கட்டியவர்கள், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரு சாதாரண ரவுட்டர்களைக் கம்பியால் இணைப்பது ஆறு அன்டெனாக்கள் கொண்ட ஒன்றை வாங்குவதிலும் பயன் தரும்.

படுவான்கரையின் வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கங்களில் நெருக்கம் இல்லை. கோபுரத்தின் தூரமே தடை. அங்கு வெளி அன்டெனா பொருத்தும் துளைகளுடைய 4ஜி ரவுட்டரைத் தேடுவது பொருத்தம். கூரைக்கு மேல் உயர்த்தி, கோபுரத்தின் திசை நோக்கித் திருப்பிய அன்டெனா பல இடங்களில் நிலைமையை மாற்றிவிடும்.

மின்னலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடி மின்னல் அதிகம். செப்புத் தொலைபேசிக் கம்பி வழியாகவும் மின் இணைப்பு வழியாகவும் பாயும் அதிர்வு ரவுட்டரைக் கருக்கிவிடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அந்தக் கருவியும் சுவர் மின்சாரத்திலேயே இயங்குகின்றது. முழக்கம் கேட்கத் தொடங்கியதுமே மின் இணைப்பையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றி வைக்க வேண்டும். அணைத்து வைப்பது மாத்திரம் போதாது. 2022 இன் நீண்ட மின்வெட்டுகளின்போது பலர் வாங்கிய சிறிய 12 வோல்ட் மின்கலப் பெட்டி இன்றும் உதவும். ரவுட்டரின் அடியில் குறிக்கப்பட்ட வோல்ட் அளவுடன் அது ஒத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

பாதுகாப்பு விடயத்தில் நமது வீடுகள் மிகவும் அசட்டையாக உள்ளன. 2016 இல் 'மிராய்' எனும் தீநிரல், தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் ரவுட்டர்களையும் உலகெங்கும் தேடிப் பிடித்துத் தன்வசமாக்கியது. வைபை கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. இரண்டையும் முதல் நாளே மாற்ற வேண்டும். டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 குறியாக்கம் இல்லாத பழைய கருவியை இலவசமாகத் தந்தாலும் ஏற்க வேண்டாம். வருவோருக்கெல்லாம் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியுள்ள வீடுகளில், 'விருந்தினர் வலையமைப்பு' வசதியுள்ள ரவுட்டர் பிள்ளைகளின் கணினியை அயலாரின் தொலைபேசிகளிலிருந்து பிரித்து வைக்கும். பெற்றோர் இரவில் இணையத்தை நிறுத்துவதற்கான நேரக் கட்டுப்பாடும் இத்தகைய ரவுட்டர்கள் பலவற்றில் உண்டு.