கங்காணி முறை (இராமநாதபுரம் – இலங்கை)

கங்காணி முறை என்பது 19-ஆம் நூற்றாண்டு முதல் 1930-கள் வரை தமிழகக் கிராமங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள்சேர்த்து, வேலை வாங்கி, கூலிக் கணக்கையும் கையில் வைத்திருந்த இடைத்தரகு ஏற்பாடு. கண்மாய்ப் பாசனத்தை நம்பிய கமுதி, முதுகுளத்தூர் வட்டாரங்களை உள்ளடக்கிய இராமநாதபுரம் சீமையும் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளைப் போல இதற்கு ஆளனுப்பியது.

பாதை

காப்பித் தோட்டக் காலத்தில் அறுவடைக்குப் போய்த் திரும்பியவர்களே மிகுதி. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தவர்களில் பலர் காலராவுக்குப் பலியாயினர். 1876–78 பஞ்சம் வெளியேற்றத்தைப் பெருக்கியது. காப்பி நோயால் அழிந்து தேயிலை வந்தபின் ஆண்டு முழுவதும் வேலை இருந்ததால் குடும்பங்கள் அங்கேயே தங்கின. 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் இயங்கத் தொடங்கியபின், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்தே தொழிலாளர் கப்பலேறினர்.

கடனும் கூலியும்

வழிச்செலவுக்கும் ஊர்க்கடன் அடைக்கவும் கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. தோட்டம் கொடுத்த அரிசியின் விலையும் கூலியில் கழிந்தது. குறித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு ‘அரைப்பேர்’, அதாவது பாதி நாள் கூலி. வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் பெரிய கங்காணிக்கு (தலைமைக் கங்காணிக்கு)த் தலைக்காசு கிடைத்ததால், ஆள் குறையாமல் பார்த்துக்கொள்வது அவருக்கு இலாபம்.

இன்ன தொகை கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு ‘துண்டு’ எனப்பட்டது. கங்காணி அதை வேறு தோட்டத்தில் காட்டி, அதைவிடக் கூடுதலான முன்பணம் பெறுவார். தோட்டம் மாறுந்தோறும் கடன் வளர்ந்தது. தன் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்பது பெரும்பாலும் தொழிலாளிக்கே தெரியாது. கூலி குறைவு என்பதைவிட, உழைத்த கூலி கடனில் கரைந்ததே இம்முறையின் முதன்மைக் கேடு.

சட்டங்கள்

துண்டு முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. இந்தியாவின் 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தையடுத்து, ஆள்சேர்ப்புச் செலவு தோட்ட முதலாளிகளின் பொது நிதிக்கு மாறியது. 1927-இல் இலங்கையில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1929-இல் மலைநாட்டு நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32 என வரையறுக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைந்தது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் 1931-இல் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1939-இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது.

பிற்காலம்

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், இத்தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, கூலி பேசும் வலிமையையும் குறைத்தது. ஆண், பெண் சமகூலி 1984-இல்தான் கிடைத்தது. நீண்ட போராட்டத்துக்குப்பின் 2021-இல் நாட்கூலி 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது.

முன்பணமும் தரகும் இன்றைய புலம்பெயர் வேலையிலும் தொடர்கின்றன. ஒப்பந்தக்காரர் பயணப்படி தரவேண்டும் என்று விதித்த இந்தியாவின் 1979-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டமும், வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர்கள் பதிவு பெற வேண்டும் என்ற 1983-ஆம் ஆண்டுச் சட்டமும் இவற்றைக் கட்டுப்படுத்த இயற்றப்பட்டவை.