பாடாது விட்ட வேடம்

ஐரோப்பிய இசை நாடகத்தில் பெண் சாரீரத்தை அதன் உயரம் பற்றி மூன்றாகப் பகுப்பர். உச்சியில் ஒலிப்பது ஸொப்ரானோ. அடியில் ஒலிப்பது கான்ட்ரால்டோ. இரண்டிற்கும் நடுவே உள்ளது மெட்ஸோ ஸொப்ரானோ. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனை 'இடைக்குரல்' என்போம்; இதனினும் நல்ல சொல் நேயர்களுக்குத் தோன்றின் ஏற்றுக்கொள்வோம். கதாநாயகியின் வேடம் பெரும்பாலும் உச்சக் குரலுக்கே உரியது. இடைக்குரலுக்கு எஞ்சுவன தோழி, தாய், போட்டிக்காரி ஆகியோரும், பெண்ணே ஆணாக நடிக்கும் இளைஞர் வேடங்களுமே. இவ்வரம்பைக் கடக்க விழைந்த ஜெர்மானியப் பாடகி கிறிஸ்டா லுட்விக்.

1928-ல் பெர்லினில் பிறந்த அவருக்குத் தாயே குரு. அத்தாயும் ஆகன் நகர அரங்கில் காரயான் இசை நடத்தப் பாடியவர். 1946-ல் பிராங்க்பர்ட் நகரில், இசை நாடக அரங்கம் போர்க் குண்டுகளால் இடிந்து கிடந்த நாளில், 18 வயது மங்கை முதல் வேடம் ஏற்றார். அதுவும் ஓர்லோவ்ஸ்கி என்னும் இளவரசன் வேடம். டார்ம்ஸ்டாட்டிலும் ஹானோவரிலும் சில காலம் பாடியபின், 1955-ல் கார்ல் போம் அவரை வியன்னா அரசு இசை நாடக அரங்கில் சேர்த்தார். சுமார் 40 ஆண்டுகள் அவ்வரங்கே அவருக்கு வீடாயிற்று.

1962-ல் வரம்பைத் தாண்டினார். பீத்தோவன் இயற்றிய ஒரே இசை நாடகமான 'பிடேலியோ'வில், சிறைப்பட்ட கணவனை மீட்க ஆணுடை தரித்துச் சிறைக்குள் புகும் லியோனோரெ, உச்சக் குரலுக்கு எழுதப்பட்ட பாத்திரம். அதனை வியன்னா மேடையிலும், கிளெம்பரர் நடத்திய இசைத்தட்டிலும் பாடிப் புகழ் எய்தினார். அவ்விசைத்தட்டில் அக்கணவனைக் கொல்லத் துணியும் கொடியோனாகப் பாடியவர், அம்மையாரின் சொந்தக் கணவரான வால்டர் பெர்ரி!

அடுத்து எழுந்தது பெரிய சோதனை. வாக்னரின் ஐசோல்டே வேடத்தை ஏற்குமாறு காரயான், போம், பெர்ன்ஸ்டைன் மூவருமே விரும்பினர். பெரிய வாத்தியக் குழுவின் முழக்கத்திற்கு மேலே மணிக்கணக்காகக் குரல் உயர்த்தவேண்டிய பாத்திரம் அது. வீணையில் தந்தி அறுந்தால் மாற்றிக் கட்டலாம். தொண்டைக்கு அவ்வசதி இல்லை. அம்மையார் மறுத்தார். 1966-ல் பேரோய்த் விழாவில் ஐசோல்டேயின் தோழியாகவே பாடினார். 1970-களின் தொடக்கத்தில் குரல்நாணில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெடித்து அவர் இடருற்றபோது, அம்மறுப்பின் பொருளைப் பலரும் உணர்ந்திருப்பர்.

நலமுற்றபின் இடைக்குரல் வேடங்களுக்கே மீண்டார். பெரும்பாலும் ஆடவரே பாடும் ஷூபர்ட்டின் 24 பாடல்கள் கொண்ட 'குளிர்காலப் பயணம்' தொகுதியையும் பாடிப் பதிவு செய்தார். 1994 டிசம்பரில் வியன்னாவில் 'எலெக்ட்ரா'வின் தாயாக நடித்து மேடையை விட்டு இறங்கினார். 2021 ஏப்ரலில் 93-ஆம் வயதில் காலமானார்.

ஐசோல்டே இறுதியில் பாடும் பாடலை மட்டும் 1962-ல் கிளெம்பரர் நடத்த இசைத்தட்டில் பாடியிருக்கிறார். சில நிமிடங்களே நீளும் அதனைக் கேட்கும்போதெல்லாம், அவர் மறுத்தது சரியே என்றறிந்தும், முழு வேடத்தையும் ஒருமுறையேனும் பாடியிருக்கலாகாதா என்று நம் மனம் ஏங்குகிறது.