சென்னை – பலாலி வான்வழி: தொலைவும் பயண நேரமும்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையை ஒட்டிய பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு சுமார் 355 கிலோமீட்டர். இரண்டும் கிழக்கு 80 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியே இருப்பதால் அந்தக் கோடு ஏறத்தாழ நேர்தெற்கே செல்கிறது. மாமல்லபுரத்துக்கு அப்பால் கரையைவிட்டு விலகி, கோடியக்கரையை மேற்கே ஒதுக்கிவிட்டுப் பாக்கு நீரிணையைக் கடக்கிறது. விமானங்கள் வகுக்கப்பட்ட வான்தடங்களையும் தரையிறங்கும் திசையையும் பின்பற்றுவதால், உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடும்.

பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படைக்காக அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது பயணிகளுக்குப் பயன்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவை கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணம் வழியாகச் சென்னை வந்தது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. அந்தச் சேவையில் பறந்த டக்ளஸ் டிசி-3 விமானம் மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது. பலாலியிலிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும்.

1970களின் இறுதியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. அடுத்து வந்த உள்நாட்டுப் போரில் பலாலி இராணுவத் தளமாகவும் உயர் பாதுகாப்பு வலயமாகவும் மாறியது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குச் செல்பவர் முதலில் தெற்கே கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. தரைவழியில் அது ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பின்னர் கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, வந்த திசையிலேயே வடக்கே சுமார் 645 கிலோமீட்டர் பறக்க வேண்டும். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் கொழும்பை அடைவதே பெரும்பாடு. ஒரு மணி நேரப் பயணத்தை ஒரு நாளுக்கு மேல் நீளச் செய்தது போர்தான். புவியியலுக்கு அதில் பங்கில்லை.

புதுப்பிக்கப்பட்ட பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் 2019 அக்டோபர் 17 அன்று திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் தன் சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் இத்தடத்தில் பறக்கிறது.

இரு நிறுவனங்களும் ஏறத்தாழ 70 முதல் 80 பேர் அமரும் ஏடிஆர் 72 வகையைப் பயன்படுத்துகின்றன. உந்துவிசிறி கொண்ட இவ்விமானத்துக்குக் குறுகிய ஓடுபாதை போதும். பலாலிக்கு இது பொருந்துவதும் அதனால்தான். இதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் என்பதால், வானில் கழியும் நேரம் ஒரு மணியை ஒட்டியே வரும். ஆனால் கால அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ குறிக்கப்படும். நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் நிற்பது வரையிலான நேரமே அட்டவணைக் கணக்கு. 2006இல் இலங்கை மீண்டும் இந்திய நேரத்துக்கு மாறியதால் பயணிகள் கடிகாரத்தைத் திருத்த வேண்டியதில்லை.

2025 மார்ச் இறுதியில் இண்டிகோ திருச்சிராப்பள்ளியையும் பலாலியுடன் இணைத்தது. அந்த நேர்கோட்டுத் தொலைவு சுமார் 185 கிலோமீட்டர், சென்னைத் தடத்தில் ஏறத்தாழப் பாதி.