தையலார் கேட்ட தரம்

தமிழில் தையல் என்னும் சொல் துணி தைப்பதையும் குறிக்கும்; பெண்ணையும் குறிக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்த காரணம் யாது என்னும் ஆராய்ச்சியை மொழியறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். ஆனால், ‘பெண்ணென்றால் தைக்கத் தெரிந்திருக்கும்; அதில் என்ன பெரிய தேர்ச்சி இருக்கிறது?’ என்னும் எண்ணம் தமிழ் வழங்காத நாடுகளிலும் உண்டு. அவ்வெண்ணம் ஒரு பெருந்தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலில் ஏறி அமர்ந்துகொண்ட வரலாற்றையும், அதனைக் கீழிறக்கப் பதினாறு ஆண்டுகள் பிடித்த வரலாற்றையுமே நாம் இங்குச் சொல்ல வந்தோம்.

இலண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது டேகன்ஹாம். அங்கிருந்த ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் 1960களில் பல்லாயிரம் ஆண்கள் வேலை பார்த்தனர். அவர்களுக்கிடையே, காரின் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பகுதியில் 187 பெண்கள் இருந்தனர். 1967ஆம் ஆண்டில் நிறுவனம் தன் வேலைகள் அனைத்தையும் மதிப்பிட்டு, ஏ முதல் ஈ வரை ஐந்து தரங்களாகப் பிரித்தது. ஏ அடிமட்டம், ஈ உச்சம். தையற்பெண்களுக்குக் கிடைத்தது பி. அதாவது, தேர்ச்சி தேவைப்படாத வேலை என்று பொருள். வேடிக்கை என்னவெனில், இயந்திரத்தில் தைத்துக் காட்டித் தேறினால்தான் அப்பெண்களை வேலைக்கே எடுப்பார்கள். சேரும்போது தேர்ச்சி வேண்டும். கூலி கொடுக்கும்போது மட்டும் அது மறந்துபோகும்! இவ்வளவும் போதாதென்று, அதே பி தரத்து ஆண்களின் கூலியில் 85 விழுக்காடே பெண்களுக்கு வழங்கப்பட்டது.

ஆகவே அவர்களுக்கு நேர்ந்த குறை ஒன்றன்று, இரண்டு. தரம் தாழ்த்தப்பட்டது ஒன்று. தாழ்த்திய தரத்திலும் கூலி வெட்டப்பட்டது மற்றொன்று. இவ்விரண்டையும் வாசகர்கள் பிரித்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் நடந்ததெல்லாம் இரண்டையும் ஒன்றெனக் குழப்பியதால் வந்ததே.

1968 ஜூன் 7ஆம் நாள் அப்பெண்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியே வந்தனர். தங்களுக்கு சி தரம் வேண்டும் என்பதே அவர்களின் முதற்கோரிக்கை. இருக்கையில்லாக் காரை யார் வாங்குவார்? மூன்று வாரங்களில் உற்பத்தி நிலைகுலைந்தது. அப்போது தொழில்துறைக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் பார்பரா காசில் அம்மையார், ஜூன் 28ஆம் நாள் பெண்களின் பிரதிநிதிகளைத் தம் அலுவலகத்துக்கு அழைத்துத் தேநீர் அளித்துப் பேசினார். பேச்சின் முடிவில் கூலி 85இலிருந்து 92 விழுக்காடாக உயர்ந்தது. அடுத்த ஆண்டு ஆண்களுக்கு நிகராகும் என்ற வாக்குறுதியும் கிடைத்தது. பெண்கள் வேலைக்குத் திரும்பினர். செய்தித்தாள்கள் சம ஊதியம் வென்றது என்று எழுதின.

தரம் என்னவாயிற்று? சர் ஜாக் ஸ்காம்ப் என்பாரின் தலைமையில் ஒரு விசாரணை மன்றம் அமைத்தார்கள். அம்மன்றம் பெண்களுக்குச் சாதகமாக முடிவு கூறவில்லை. பி தரம் பி தரமாகவே நின்றது. விழுக்காட்டை உயர்த்துவது எளிது, அதனைப் பெருந்தன்மை என்றும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தரத்தை உயர்த்தினால், இதுவரை செய்தது தவறான மதிப்பீடு என்று ஒப்புக்கொண்டதாகும். அதனாற்றான் எளியதைக் கொடுத்து அரியதை ஒத்திவைத்தார்கள் என்று நாம் கருதுகிறோம்.

சம ஊதியக் கோரிக்கை பிரிட்டனுக்கு அன்று புதிதன்று. 1888இலேயே தொழிற்சங்கப் பேரவையில் கிளெமென்டினா பிளாக் அம்மையார் அதற்கெனத் தீர்மானம் கொண்டுவந்தார். முதல் உலகப்போரின்போது, 1918 ஆகஸ்டில், ஆண்களுக்கு மட்டும் 5 ஷில்லிங் போர்க்கால போனஸ் வழங்கப்பட்டதைக் கண்டு இலண்டன் பஸ், டிராம் வண்டிகளில் வேலை பார்த்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்து, தங்களுக்கும் அதனைப் பெற்றனர்.

அக்காலந்தொட்டு எழுப்பப்படும் ஆட்சேபம் ஒன்று உண்டு: ‘ஆண் குடும்பத்தைத் தாங்குகிறான், ஆதலின் அவனுக்குக் கூடுதல் வேண்டும்’ என்பது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். நம் இல்லங்களிலும் இவ்வாறு சொல்வார் உளர். ஆயினும் டேகன்ஹாமில் மணமாகாத இளைஞனுக்கும் அதே ஆண் கூலிதான். குழந்தைகளைத் தனியே வளர்க்கும் விதவைக்கும் அதே 85தான். குடும்பத் தேவையைப் பார்த்து அளந்த கூலியாயின் இவ்வாறு இருந்திராதன்றோ!

டேகன்ஹாம் கிளர்ச்சியின் பின்விளைவாக 1970இல் சம ஊதியச் சட்டம் நிறைவேறிற்று. எனினும் அது நடைமுறைக்கு வந்தது 1975 டிசம்பர் 29ஆம் நாள்தான். முதலாளிகள் ஆயத்தமாக ஐந்தாண்டு அவகாசம்! அவ்வவகாசத்தில் சிலர் மெய்யாகவே கூலியைச் சமன் செய்தனர். வேறு சிலரோ ஆண்களின் வேலையையும் பெண்களின் வேலையையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதவாறு பிரித்து வைத்தனர். ஒரே மாதிரியான வேலைக்கு, அல்லது முதலாளியின் மதிப்பீட்டிலேயே சமமெனக் கண்ட வேலைக்குத்தான் சட்டம் பொருந்தும். மதிப்பீடே கோணலாயிருந்தால் சட்டம் என்ன செய்யும்? தையற்பெண்களின் பழைய வழக்கு இவ்விடத்திலேதான் சிக்கிக் கிடந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 1982இல் இக்குறையைச் சுட்டிக்காட்டிய பின்னரே, தோற்றத்தால் வேறுபட்டாலும் மதிப்பால் நிகரான வேலைக்குச் சம ஊதியம் கோரலாம் என்னும் விதி 1984 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

அவ்வாண்டின் இறுதியில் டேகன்ஹாம் தையற்பெண்கள் மீண்டும் இயந்திரங்களை நிறுத்தினர். இம்முறை ஆறு வாரங்கள். 1968இல் வெளியே வந்தவர்களுள் சிலர் இப்போதும் அங்கே தைத்துக்கொண்டிருந்தனர். இவ்வேலைநிறுத்தத்தின் பின்னரே சி தரம் கிடைத்தது.

புதிய விதியை முதன்முதலில் சோதித்துப் பார்த்தவர் ஒரு சமையற்காரர். கேமல் லேர்டு கப்பல் கட்டும் நிறுவனத்தின் உணவுச்சாலையில் சமைத்த ஜூலி ஹேவர்டு என்னும் பெண், தம் வேலை அங்குள்ள வர்ணம் பூசுபவர், தச்சர் ஆகியோரின் வேலைக்கு மதிப்பில் குறைந்ததன்று என்று வழக்காடினார். இலவசச் சாப்பாடும் கூடுதல் விடுமுறையும் தருகிறோமே என்றது நிறுவனம். சாப்பாட்டைக் காட்டிக் கூலியைக் குறைக்க இயலாது என்று 1988இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

அதன்பின் இடைவெளி குறைந்துதான் வந்திருக்கிறது. பகுதிநேரத்தார் உட்பட எல்லா ஊழியரின் மணிக்கூலியையும் சேர்த்துப் பார்த்தால், 1997இல் 27.5 விழுக்காடாக இருந்த வேறுபாடு 2024இல் 13.1 விழுக்காடு. 250 பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் தம் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று 2017இல் விதியும் செய்தனர். சமையல், துப்புரவு, தையல், நோயாளியைப் பேணுதல் என வீட்டில் பெண்கள் கூலியின்றிச் செய்யும் வேலைகள், வெளியே வந்தபோதும் குறைந்த கூலிக்கே உரியவை என்று வைக்கப்பட்டிருப்பது எஞ்சிய வேறுபாட்டுக்குப் பெரியதொரு காரணம்.

பர்மிங்ஹாம் மாநகராட்சி இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. குப்பை அள்ளும் ஆண்களுக்கும் தெரு கூட்டும் ஆண்களுக்கும் போனஸ் வழங்கிய அந்நகராட்சி, நிகரான தரத்திலிருந்த சமையற்பெண்களுக்கும் துப்புரவுப் பெண்களுக்கும் அதனை வழங்கவில்லை. வேலையை விட்டுச் சென்றவர்களும் ஆறு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2023 செப்டம்பரில், வரவு செலவைச் சரிக்கட்ட இயலவில்லை என்று நகராட்சி முறைப்படி அறிவித்தபோது, காரணங்களுள் ஒன்றாகக் காட்டப்பட்ட சம ஊதியக் கடன் 65 கோடி முதல் 76 கோடி பவுன் வரை என மதிப்பிடப்பட்டது. சொத்துகளை விற்க முற்பட்டனர். 2024இல் நகராட்சி வரியையும் ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்த்தினர். அந்நகரில் குடியிருந்த அப்பெண்களும் அவ்வரியைச் செலுத்த வேண்டியவர்களே.