புறாக்காரர்கள் கொடுத்த புகார்

1940. இங்கிலாந்துக்கு ஹிட்லர்தான் எதிரி. பிரிட்டிஷ் விமானத்துறைக்கு மட்டும் இன்னொரு எதிரியும் இருந்தது. பெரிக்ரின் ஃபால்கன். தமிழில் பொரி வல்லூறு என்பார்கள். இரையைப் பார்த்துத் தலைகீழாகப் பாய்ந்தால், மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும்.

அது செய்த குற்றம்? கடலில் விழுந்த விமானங்களிலிருந்து ஆபத்துச் சேதி சுமந்து வரும் புறாக்களை, நடுவழியில் பிடித்துச் சாப்பிட்டுவிட்டது. விடுவார்களா? சுட்டுத் தள்ள உத்தரவு போட்டார்கள். போர் முடிவதற்குள் சுமார் 600 வல்லூறுகள் காலி!

போருக்குப் பிறகு வல்லூறுகள் மெள்ளத் தலையெடுத்தன. 1954-ல் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. 1960-ல் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் கொடி பிடித்தார்கள். 'வல்லூறு ஏகத்துக்கும் பெருகிவிட்டது. பாதுகாப்பை எடுங்கள்!'

அங்கேதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. 'முதலில் எண்ணிப் பார்ப்போம்' என்றார்கள். பொறுப்பு, டெரெக் ராட்கிளிஃப் என்ற விஞ்ஞானியிடம் வந்தது. வல்லூறுக்கு ஒரு பழக்கம் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒரே பாறை முகட்டில்தான் குடித்தனம். ஆகவே, பழைய முகவரிகளை வைத்துக்கொண்டு தன்னார்வலர்கள் 1961-ல் மலை மலையாக ஏறினார்கள்.

பெருகியிருக்கிறதா? வீடு வீடாகக் காலி! தெற்கு இங்கிலாந்தில் கிட்டத்தட்ட துடைத்து எடுத்தாற்போல. 1963-ல், போருக்கு முன்பிருந்ததில் பாதிகூட இல்லை.

காரணம், வயல். விதைகளில் ஆல்ட்ரின், டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்துகளைப் பூசி விதைத்தார்கள். விதையைப் புறா தின்றது. புறாவை வல்லூறு தின்றது. புறாக்களின் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாக இருந்த விஷம் வல்லூறின் உடம்பில் வட்டி போட்டுச் சேர்ந்தது.

இன்னொரு மர்மமும் இருந்தது. கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்தன. ஏன்? ராட்கிளிஃப் பழைய முட்டை சேகரிப்புகளைத் தேடிப் போனார். கூட்டிலிருந்து முட்டை திருடிப் பெட்டியில் அடுக்குவது அந்தக் கால வெள்ளைக்கார கனவான்களின் பொழுதுபோக்கு. அந்த ஓடுகளை அளந்து, எடை போட்டுப் பார்த்தார். 1947 வாக்கில் திடீரென்று ஓடு சுமார் 20 சதவீதம் மெலிந்திருந்தது. டி.டி.டி. வயலுக்கு வந்து சேர்ந்த காலம் அது! அது தாய்ப்பறவையின் உடம்பில் ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேரவிடாமல் தடுத்தது. அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கியது. 1967-ல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார். முட்டைத் திருடர்களின் பெட்டிகள் சாட்சி சொன்னது வேடிக்கைதான்.

அமெரிக்கா 1972-ல் டி.டி.டி-யைத் தடை செய்தது. பிரிட்டன் விதைமருந்துகளை 1962-லிருந்து படிப்படியாகக் குறைத்தது. 1980-களில் டி.டி.டி-க்கும் விடை கொடுத்தது. 2014 கணக்கெடுப்பில், அங்கே சுமார் 1,750 ஜோடி வல்லூறுகள். லண்டன் கட்டடங்களில்கூடக் கூடு கட்டுகின்றன.

புறாக்காரர்கள் அன்றைக்குப் புகார் கொடுக்காமல் இருந்திருந்தால், யாரும் அப்போது எண்ணியிருக்க மாட்டார்கள். பாறை முகடுகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் காலியாகிக்கொண்டே இருந்திருக்கும்.